நூல் யாருக்குச் சொந்தம்?

இலங்கையிற் பிறந்த ஒருவர் தம் நாட்டின் நன்மைகளை எண்ணத் தொடங்கினால், இலவசக் கல்வியையே முதற்கண் எண்ணுவார். அது வெறும் பெருமைப் பேச்சன்று. 1945 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், அக்காலக் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் விடாமுயற்சியின் பயனாய், கீழ்வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அது வந்திராவிட்டால், பிறர் வயலைக் குத்தகைக்குச் செய்த ஒருவரின் மகனாகிய நான் வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகத்திற் புகுந்து தமிழ் பயின்றிருக்க முடியாது. இன்று ஆசிரியனாக நின்று இக்கட்டுரையை எழுதவும் முடியாது. ஒரு தலைமுறையின் போராட்டம் அடுத்த தலைமுறைகளின் சோறாக மாறுவதற்கு என் வாழ்க்கையே எனக்குப் போதிய சான்று.

ஆயினும், பள்ளிக்கூடத்தின் வாயில் திறந்தவுடன் அறிவின் வாயிலும் திறந்துவிட்டது என்று கொள்ளுதல் பொருந்தாது. கட்டணமின்றி வகுப்பில் உட்காரும் உரிமை ஒன்று. வகுப்பிற் பேசப்படும் நூலைக் கையிலெடுத்துப் படிக்கும் உரிமை மற்றொன்று. முன்னதை நாம் பெற்றோம். பின்னதை இன்னும் முழுமையாகப் பெறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாள்தோறும் அளந்து பார்க்கும் தொழில் ஆசிரியர் தொழில்.

காரைதீவுப் பகுதியிலுள்ள பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கின்றேன். வயல்வேலை செய்வோர், கரைவலை இழுப்போர், மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்ற தாய்மார் ஆகியோரின் பிள்ளைகளே என் மாணவருட் பலர். 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. ஆனால், உயர்தர வகுப்பிற் பல பாடங்களுக்கு அவ்வாறான பாடநூல் இல்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் உண்டு. எதைக் கற்பிக்க வேண்டும் என்று அவை சொல்லும்; கற்பிக்க வேண்டிய பொருள் முழுவதையும் அவை தரமாட்டா. இந்த இடைவெளியிலேதான் ரியூஷன் வணிகம் செழிக்கின்றது. 'ரியூட்' என்னும் குறிப்புத்தாள்களைக் காசு கொடுத்து வாங்கும் பிள்ளைக்கு மூலநூலின் சுருக்கம் கிடைக்கும். பல வேளைகளிற் சுருக்கத்தின் சுருக்கமே கிடைக்கும். காசில்லாத பிள்ளைக்கு அதுவும் இல்லை.

இலங்கைத் தமிழ் நாவலின் தொடக்கத்தைப் பற்றி வினவினால் என் மாணவர் தயங்காமல் விடை சொல்வர்: சித்தி லெப்பை, 'அசன்பேயுடைய கதை', 1885. பெயரும் ஆண்டும் பிழையின்றி வரும். அந்நாவலின் ஒரு பக்கத்தையேனும் கண்டவர் யாரென்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். "அந்தப் புத்தகத்த எங்க சேர் எடுக்கலாம்?" என்று பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி ஒருமுறை கேட்டாள். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தையோ கொழும்புப் புத்தகக் கடையையோ அவளுக்குக் காட்டுவது, பசித்தவனுக்கு அடுத்த மாவட்டத்து நெல்வயலைக் காட்டுவது போன்றதாகும். நூலைப் படியாமல் நூலின் பெயரை மனனஞ் செய்யும் கல்வி, சிந்திக்கும் மனிதனை உருவாக்காது. பரீட்சை எழுதும் கையை மாத்திரமே உருவாக்கும்.

நம் நூல்கள் கைக்கெட்டாமற் போனதற்கு வறுமை மாத்திரம் காரணமன்று. அவற்றுட் பல அழிந்தே போயின. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அக்கொடுமையைக் குறித்து எழுந்த கவிதைகளுட் பெரிதும் அறியப்பட்ட 'புத்தரின் படுகொலை'யை இயற்றியவர் எங்கள் அயலூராகிய கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான். வடக்கிலே எரிந்த நூலகத்திற்காகக் கிழக்கின் முஸ்லிம் கவிஞர் ஒருவர் துடித்தெழுதினார் என்பதை என் மாணவருக்கு நான் தவறாமற் சொல்வதுண்டு. நூல் எரியும்போது ஊர்ப்பெயரும் சமயப்பெயரும் எரிவதில்லை. எல்லார்க்கும் உரிய ஒன்றே எரிகின்றது.

பின்னர் நீண்ட போர். அதன் நடுவே, 2004 டிசம்பர் 26 ஆம் நாள், கடல். அன்று இத்தீவிலே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். மனித உயிர் போன இடத்திற் காகிதத்திற்கு அழுவது நாகரிகமன்று. அந்நாட்களில் எவரும் அழவுமில்லை. ஆண்டுகள் சென்ற பின்னரே எவை போயின என்று கணக்கெடுக்கத் தொடங்கினோம். பள்ளிக்கூட மலர்கள், வாசிகசாலைப் பதிவேடுகள், கோயில் விழா மலர்கள், உள்ளூர்க் கவிஞர் தம் சொந்தச் செலவில் அச்சிட்ட சிறு நூல்கள் ஆகியவை எந்தப் பெரிய நூலகத்திலும் இரண்டாம் பிரதி இல்லாதவை. எங்கள் வீட்டு மரப்பெட்டியிற் பாட்டனார் சேர்த்து வைத்திருந்த பழைய சஞ்சிகைகளும் அவ்வாறே போயின. ஒரேயொரு பிரதியாக ஒரேயோர் இடத்தில் இருக்கும் அறிவு, உண்மையில் நீருக்கும் நெருப்புக்கும் கடன்பட்டிருக்கும் அறிவேயாகும்.

இந்த நிலைமைக்கு மக்களிடையேயிருந்து ஒரு விடை தோன்றியது. 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர்களின் முன்முயற்சியில், ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்திலே சேர்த்து எவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்யும் 'நூலகம்' திட்டம் ஆரம்பமாயிற்று. அதற்கு ஏழு ஆண்டுகளின் முன், 1998 தைப்பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் தொடக்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை இவ்வாறு தொண்டர்களின் உழைப்பால் இணையத்திற்குக் கொணரும் வழியைக் காட்டியிருந்தது. இலங்கைத் திட்டம் காலப்போக்கில் நூலகம் நிறுவனம் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பாக வளர்ந்தது. இன்று அங்கே நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பிரசுரங்கள், நினைவு மலர்கள் எனப் பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. படிப்பதற்குக் காசும் வேண்டியதில்லை, சிபாரிசுக் கடிதமும் வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலே சவரத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா 1966 முதல் நடத்திய 'மல்லிகை'யை நம்மில் எத்தனை பேர் தொடர்ச்சியாகக் கண்டிருக்கின்றோம்? பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றி விரிவுரை கேட்ட நான் சில உதிரி இதழ்களையே கண்டிருந்தேன். இன்று என் மாணவி மாளிகைக்காட்டிலே தன் வீட்டு விறாந்தையிலிருந்து அவ்விதழ்களை வரிசையாகப் புரட்டுகின்றாள். இதன் பொருளை நகரத்துப் பேராசிரியர் முழுமையாக உணர்வாரோ என்னவோ, கிராமத்து ஆசிரியன் உணர்வான்.

இது தொண்டு என்பதிலும் உழைப்பு என்பதே பொருத்தம். ஒரு பழைய நூலை எண்ணிமப்படுத்துவதற்குத் தூசி தட்ட வேண்டும். பூச்சி அரித்த தாள்களை ஒட்டிக்கொள்ளாமற் பிரிக்க வேண்டும். பக்கம் பக்கமாக வருடிக்குள் வைக்க வேண்டும். விடுபட்ட பக்கம் உண்டோவென்று எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு ஆகியவற்றைப் பதிய வேண்டும். அட்டையில் ஓர் ஆண்டும் உட்பக்கத்தில் வேறோர் ஆண்டும் இருந்தால் எதை ஏற்பது என்று ஆராய வேண்டும். புகழ் இல்லாத வேலை இது. ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் ஏறிய காலத்திலும் இத்தகைய உழைப்பே நம்மைக் காத்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றியிராவிட்டால் அவை எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? அன்று ஏடு அச்சாயிற்று. இன்று அச்சு ஒளிப்பக்கமாகின்றது. கருவி மாறியுள்ளது, கடமை ஒன்றே.

எங்கள் ஊருக்கு இக்கடமை புதிதன்று. 1892 மார்ச் 27 ஆம் நாள் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளை ஆண்டுதோறும் மாலையிட்டுப் போற்றுகின்றோம். அவர் செய்த வேலையின் உட்பொருளை எண்ணிப் பார்க்கின்றோமா? விஞ்ஞானம் ஆங்கிலம் அறிந்தாரின் தனிச்சொத்தாக இருந்த காலத்தில், அதைத் தமிழிற் சொல்வதற்கு வேண்டிய கலைச்சொற்களை ஆக்கும் பணிக்குச் சென்னையிலே தலைமை தாங்கினார். தமிழிசையின் மறைந்த இலக்கணத்தைத் தேடி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் உழைத்து, 1947இல் 'யாழ்நூ'லை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே மறைந்தார். அடைபட்ட அறிவைத் திறந்துவிடுவதே அவர் வாழ்க்கையின் இயக்கம். அவருடைய எழுத்துக்கள் பலவும் அவரைப் பற்றிய மலர்களும் இன்று இணைய நூலகத்தில் உள்ளன. சிலையின் கழுத்தில் வாடும் மாலையிலும் பார்க்க, ஒரு பிள்ளையின் கண்முன் விரியும் பக்கமே அவருக்குச் செய்யத்தக்க வழிபாடு.

சில ஆண்டுகளாக என் மாணவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, ஊரிலே எஞ்சியிருக்கும் பழந்தாள்களைப் படம்பிடித்துப் பாதுகாக்கும் சிறு முயற்சியொன்றில் ஈடுபட்டு வருகின்றேன். அதிற் கிடைத்த இரண்டு அனுபவங்களை இங்குச் சொல்வது பயனுடையது.

இக்கரையோரத்துக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது 'கண்ணகி வழக்குரை' பாடப்படும். வீ. சீ. கந்தையா அதைப் பதிப்பித்து 1968இல் நூலாக வெளிவந்தது. அச்சுக்கு வெளியேயும் அது வாழ்கின்றது. ஏட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதிய பிரதிகள் சில வீடுகளில் உண்டு. அவ்வாறான ஒரு கொப்பியை வைத்திருந்த முதியவரிடம் சென்றோம். "இதக் கொண்டுபோனா திரும்பி வருமா, மனே?" என்று அவர் கேட்டார். முன்பொருமுறை ஆராய்ச்சிக்கென்று வாங்கிச் சென்ற ஒருவர் மற்றொரு கொப்பியைத் திருப்பித் தரவேயில்லை. "கொண்டுபோக மாட்டம் ஐயா, உங்கட விறாந்தையிலேயே படம் எடுக்கிறம்" என்றேன். இரண்டு பின்னேரங்களில் வேலை முடிந்தது. பதிவிற் போட அவருடைய பெயரைக் கேட்டபோது, "என்ர பேர் என்னத்துக்கு? கோயில்ட பேரப் போடுங்க" என்றார்.

அம்முதியவர் எந்தச் சட்டநூலையும் படித்தவரல்லர். ஆனால், பொது அறிவு என்பதன் இலக்கணத்தை அவர் அறிந்திருந்தார். தாம் எழுதியது தமக்கு முன் எழுதியவனிடமிருந்து வந்தது. ஆகவே தமக்குப் பின் வருபவனுக்குப் போக வேண்டியது. பார்த்தெழுதுவதே பாதுகாப்பதாக இருந்த ஏட்டுப் பண்பாட்டின் நியாயம் அதுவே. அறிவு ஒரு தனிமனிதனின் மூளையிற் பிறப்பதுபோலத் தோன்றினும், அதன் பின்னே மொழியை ஆக்கிய மக்களும், தாளைச் செய்த தொழிலாளரும், அச்சுக்கோத்த கைகளும் உள்ளன. சமுதாயத்தின் உழைப்பால் விளைந்ததைச் சமுதாயத்திற்கு எட்டாமற் செய்வது சுரண்டலின் ஒரு வகையே.

இரண்டாவது அனுபவம் என்னை வேறுவிதமாகச் சிந்திக்க வைத்தது. முஸ்லிம் மாணவி ஒருத்தி தன் உம்மம்மாவின் பழைய நூலொன்றைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்தாள். அறபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ் நூல் அது. அறபுத்தமிழ் என்று நாம் இலக்கிய வரலாற்றிற் பெயர் சொல்லிச் செல்வது இதனையே. நான் தமிழ்ப் பட்டதாரி. ஆயினும் அந்த எழுத்து எனக்குத் தெரியாது. மாணவிக்கு அறபு எழுத்துத் தெரியும். நூலின் பழந்தமிழ்ச் சொற்கள் தெரியா. உம்மம்மா வாசிக்க, மாணவி எழுத, நான் சொற்பொருள் சொல்ல, சில பக்கங்களைத் தமிழெழுத்துக்குக் கொணர்ந்தோம். நூலைத் திறந்து வைத்தால் மாத்திரம் போதாது, அதைப் படிக்கவல்ல மனிதர் ஒருவரோடொருவர் சேர வேண்டும் என்பது அன்று தெளிவாயிற்று. போர்க்காலத்தில் ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்த இரண்டு சமூகங்களின் பிள்ளைகள் ஒரே பக்கத்தின் மேல் குனிந்திருப்பது சிறு காரியமன்று.

இனி, இம்முயற்சிக்கு எதிராகக் கூறப்படும் ஒரு வாதத்தை நேர்மையாக நோக்க வேண்டும். 'நூலை இலவசமாக்கினால் எழுத்தாளன் என்ன செய்வான்?' என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளருட் பெரும்பாலோர் கடன்பட்டுச் சில நூறு பிரதிகள் அச்சிடுவோர். அவர்களுடைய உரிமையை மதியாத எந்தப் பொதுமையும் பொதுமையாகாது. நூலகம் நிறுவனம் வாழும் எழுத்தாளரின் அனுமதியைக் கேட்டே நூல்களைச் சேர்க்கின்றது. படிக்கும் வசதி எல்லார்க்கும் உண்டு, உரிமை உரியவரிடமே இருக்கின்றது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, ஆக்கியோன் மறைந்து எழுபது ஆண்டுகள் கழியும் வரை பதிப்புரிமை நிலைக்கும். அடிகளார் மறைந்து 2017இல் எழுபது ஆண்டுகள் நிறைந்தன. ஆகவே அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துக்கள் இன்று இந்நாட்டிற் சட்டப்படியும் எல்லார்க்கும் சொந்தம். கற்பித்தலுக்காக வகுப்பறைக்குப் பிரதிகள் எடுப்பதையும் நியாயமான பயன்பாடுகளுள் ஒன்றாக அச்சட்டம் கொள்கின்றது. இதை அறியாத ஆசிரியர் பலர் அஞ்சுகின்றனர். தமிழகத்திலோ 1949இற் பாரதியின் எழுத்துக்களை அரசு வாங்கிப் பொதுவாக்கிய காலந்தொட்டு, நாட்டுடைமையாக்கம் என்னும் நல்ல மரபு உண்டு. எழுத்தாளர் குடும்பத்திற்குப் பரிசுத்தொகை, மக்களுக்கு நூல் என்னும் அந்த ஏற்பாட்டை நம் அரசும் ஏன் மேற்கொள்ளலாகாது?

இங்கேதான் முற்போக்காளர் கவனமாயிருக்க வேண்டும். தொண்டு நிறுவனத்தைப் பாராட்டுவது, அரசை அதன் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாக அமைந்துவிடக் கூடாது. இலவசக் கல்வி எவரும் இட்ட பிச்சையன்று. கேட்டுப் பெற்ற உரிமை. எண்ணிம நூலகமும் அவ்வாறே உரிமையாக வளர வேண்டும். நன்கொடை குறைந்தால் நின்றுவிடும் நிலையில் ஒரு மக்களின் நினைவை வைத்திருத்தல் ஆபத்து. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைக்கும் 'டேட்டா'வுக்குக் காசில்லாத பிள்ளைக்கும் இணையம் இருந்தும் இல்லாததே ஆயிற்று. ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்த வீடுகளை நான் அறிவேன். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்திற் காகிதத் தட்டுப்பாட்டினால் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. தாளும் தவறும், திரையும் தவறும் என்பதை நாம் கண்டுவிட்டோம். இரண்டையும் உறுதிப்படுத்தும் கடமை அரசுக்கு உண்டு.

மற்றொரு குறையும் உண்டு. இணையத்தில் உள்ள பல நூல்கள் பக்கங்களின் படங்களாகவே உள்ளன. பார்வையற்ற மாணவனுக்குக் கணினி படத்தை வாசித்துக் காட்டாது. எழுத்தைத்தான் வாசித்துக் காட்டும். படத்தைக் கண்டு எழுத்தாக்கும் மென்பொருள்கள் பழைய அச்செழுத்துக்களிற் பிழை செய்கின்றன. அப்பிழைகளைத் திருத்த மனிதக் கண்களும் தமிழறிவும் வேண்டும். இரண்டும் நம் பாடசாலைகளில் நிறைய உண்டு.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் எளிது. உங்கள் பாடசாலை நூலகத்தின் கடைசி அலுமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே கிடக்கும் பழைய மலர்களை எண்ணிப் பட்டியலிடுங்கள். ஊரிலுள்ள மூத்த எழுத்தாளரிடம் அனுமதி கேளுங்கள். மறைந்தவர்களின் வீட்டார், தாள்களைப் பழைய பேப்பர் வியாபாரிக்கு நிறுத்துக் கொடுப்பதற்கு முன் அங்கே போய்ச் சேருங்கள். ஒரு வகுப்பு ஒரு தவணைக்கு ஒரு நூலின் எழுத்துப்பிழைகளைத் திருத்தட்டும். நீங்கள் நல்ல குறிப்புக்களை எழுதியிருந்தால், அவற்றை விற்காமல் எல்லார்க்கும் கொடுங்கள். அதே வேளையில், ஆசிரியர் சங்கக் கூட்டங்களிற் சம்பளக் கோரிக்கையோடு இக்கோரிக்கையையும் சேருங்கள்: பொதுப்பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு பாடநூலும் வழிகாட்டியும் ஆய்வும், மூன்று மொழிகளிலும், எவரும் படிக்கவும் படியெடுக்கவும் திருத்திப் பயன்படுத்தவும் கூடியதாய் வெளிவரல் வேண்டும்.

1945இன் கோரிக்கை, எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் என்பது. அதன் மறுபாதி, எல்லாப் பிள்ளைகளுக்கும் நூல் என்பது. முதற்பாதியை நமக்கு முன்னோர் பெற்றுத் தந்தனர். மறுபாதியை நாமே பெற வேண்டும். பெறும் வரை, நம் கைகளால் இயன்றவரை ஆக்கவும் வேண்டும்.